மரக்காணத்து உப்பளத்துக்கு எந்தக் கேமரா?

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளத்தைப் பெரிய ஃபிலிமில் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர் 8×10 கேமரா வாங்க வேண்டாம். மோனோரயில் கேமராவும் வேண்டாம். மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய ஒரு சாதாரண 4×5 ஃபீல்டு கேமரா, ஒரு 150 மி.மீ. லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 400 கருப்பு வெள்ளை ஃபிலிம். இவ்வளவு போதும்.

"இதைச் சொல்ல ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். ஆமாங்க. ஏனென்றால் நான் சொல்லப்போகிற காரணம் விலையும் எடையும் மட்டும் இல்லை. படத்தில் மனுஷங்க இருப்பார்களா மாட்டார்களா என்பதே இந்தத் தேர்வில்தான் முடிவாகிறது. எப்படி என்று பார்ப்போம்.

நம்ம கிளாஸில் பாதிப் பேருக்கு வியூ கேமரா என்றால் என்னவென்றே தெரியாது (ரோல் ஃபிலிமே பார்த்ததில்லை என்கிறவர்கள் கைதூக்குங்கள்!). அதனால் சுருக்கமாக ஒரு அறிமுகம். முன்னால் ஒரு பலகையில் லென்ஸ், பின்னால் ஒரு பலகையில் கிரவுண்ட் கிளாஸ், நடுவில் ஆர்மோனியத்தில் இருப்பது மாதிரி ஒரு துருத்தி. அவ்வளவுதான் கேமரா. தலைக்கு மேல் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் உலகம் தலைகீழாக, இடம் வலம் மாறித் தெரியும். ஃபோகஸ் செய்து, லென்ஸை மூடி, கண்ணாடி இருந்த இடத்தில் ஃபிலிம் ஹோல்டரைச் செருகி, ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். அடுத்த படத்துக்கு ஹோல்டரைத் திருப்பிப் போட வேண்டும். ஃபிலிம் ஒவ்வொன்றும் தனித்தனி ஷீட். 4×5 என்பது அங்குலக் கணக்கு. சாதாரண 35 மி.மீ. ஃபிரேமைவிட இந்த ஷீட் பரப்பளவில் கிட்டத்தட்ட 15 மடங்கு பெரிசு. 8×10 அதைப்போல நாலு மடங்கு.

முக்கியமான விஷயம், முன்பலகையையும் பின்பலகையையும் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம், திருப்பலாம். உப்பளத்தில் நமக்கு வேலைக்கு ஆகப்போவது இந்தச் சாய்ப்புதான்.

சரி, இடத்துக்கு வருவோம். மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், ஈ.சி.ஆர். சாலையில், புதுச்சேரிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. காக்கிநாடாவிலிருந்து கிளம்பி வரும் பக்கிங்ஹாம் கால்வாய் 796 கிலோமீட்டர் ஓடி வந்து முடிகிற பகுதி இது. பக்கத்திலேயே கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அதே கழுவெளிதான். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யம், அடுத்து மரக்காணம் என்றுதான் வரிசை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு எட்டிய வரை கட்டம் கட்டமாகப் பாத்திகள், நடுவில் வரப்புகள், ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள், தூரத்தில் பனைமரங்கள்.

இப்போது கேமராக்காரன் கண்ணோடு இதைப் பாருங்கள். உலகத்திலேயே தட்டையான இடங்களில் ஒன்று உப்புப் பாத்தி. தட்டையாக இல்லாவிட்டால் தண்ணீர் சமமாக நிற்காது, உப்பும் சமமாக விளையாது. காலடியில் இருக்கும் உப்புப் படிகமும் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வரப்பும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. இரண்டும் ஒரே படத்தில் துல்லியமாக விழ வேண்டும்.

சாதாரண கேமராவில் இதற்கு ஒரே வழி லென்ஸின் துவாரத்தைச் சுருக்குவது. எஃப் 32, எஃப் 45 என்று சுருக்கிக்கொண்டே போக வேண்டும். வியூ கேமராவில் வேறு வழி உண்டு. லென்ஸ் பலகையை முன்பக்கம் லேசாகச் சாய்த்தால் ஃபோகஸ் தளமே சாய்ந்து தரையோடு படுத்துக்கொள்ளும். ஆஸ்திரிய ராணுவத்தில் கேப்டனாக இருந்த தியோடர் ஷெய்ம்ஃப்ளூக் 1904இல் காப்புரிமை வாங்கிய விஷயம் இது. பலூனிலிருந்து எடுத்த கோணல் படங்களை நேராக்க அவர் போட்ட கணக்கு, இன்றைக்கு நமக்கு உப்பளத்தில் உதவுகிறது.

எவ்வளவு சாய்க்க வேண்டும்? கனடாக்காரர் ஹரால்டு மெர்க்லிங்கர் இதற்கு ஒரு எளிய விதியை எழுதி வைத்திருக்கிறார். லென்ஸின் குவியத் தூரத்தை, லென்ஸ் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுங்கள். கிடைப்பது சாய்ப்புக் கோணத்தின் சைன். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லென்ஸ் 150 மி.மீ. என்றால் 150/1500, அதாவது 0.1. கோணம் 5.7 டிகிரி. 90 மி.மீ. வைட் லென்ஸ் என்றால் வெறும் 3.4 டிகிரி. (பிளஸ் டூவில் படித்த டிரிக்னாமெட்ரி ஒருவழியாக ஒரு காரியத்துக்கு ஆயிற்று!)

இந்த 5.7ஐ மனசில் வைத்துக்கொண்டு கேமரா விளம்பரங்களைப் பாருங்கள். மோனோரயில் கேமராக்களில், உதாரணமாக ஸ்டுடியோக்களில் புகழ்பெற்ற ஸ்விட்சர்லாந்தின் சினாரில், பலகைகளை எக்கச்சக்கமாக வளைக்கலாம், முறுக்கலாம். மேசை மேல் வைத்த பொருளையும் கட்டிடங்களையும் எடுப்பவர்களுக்கு அது தேவை. நமக்கு ஆறு டிகிரி போதும் என்கிறபோது, நீளமான ஒரு தண்டையும் அதன்மேல் பிரித்துப் பூட்ட வேண்டிய பாகங்களையும் வரப்பின்மேல் தூக்கிக்கொண்டு எதற்கு நடக்க வேண்டும்? முன்பலகை சாயக்கூடிய எந்த ஃபீல்டு கேமராவும் இந்த ஆறு டிகிரியைத் தரும். சாய்த்த பிறகு பூட்டு இறுக்கமாக நிற்கிறதா என்பதை மட்டும் வாங்கும்போது பார்த்தால் போதும்.

அடுத்து 8×10. ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுதயப் படம் 8×10இல் எடுத்தது என்று தெரிந்த நாளிலிருந்து நிறையப் பேருக்கு அந்த ஆசை. நெகட்டிவை அப்படியே காகிதத்தின் மேல் வைத்து கான்டாக்ட் பிரிண்ட் போடலாம், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 4×5இல் 150 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே காட்சிக்கு 8×10இல் 300 மி.மீ. வேண்டும். சாய்ப்பு 11.5 டிகிரியாகிவிடும். அதே ஆழத்துக்குத் துல்லியம் வேண்டுமென்றால் துவாரத்தை இரண்டு ஸ்டாப் கூடுதலாகச் சுருக்க வேண்டும். 4×5இல் எஃப் 22 என்றால் இதில் எஃப் 45. அப்படியென்றால் ஃபிலிமில் வெளிச்சம் விழ வேண்டிய நேரம் நாலு மடங்கு. ஃபிலிம் செலவும் ஏறக்குறைய நாலு மடங்கு.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம் வருகிறது.

உப்பளத்தில் வேலை விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். வெயில் ஏறினால் வெள்ளை உப்பிலிருந்து அடிக்கிற கூச்சம் கண்ணைப் பதம் பார்க்கும். அதனால் விடிகாலையில் வந்து உப்பு வாரிக் குவித்துவிட்டு, வெயில் உச்சிக்கு வருமுன் கிளம்பப் பார்க்கிறார்கள். படத்துக்கு நல்ல வெளிச்சமும் அந்த நேரம்தான். காற்றும் அப்போதுதான் அடங்கியிருக்கும். முற்பகல் தாண்டிக் கடல்காற்று கிளம்பிவிட்டால் துருத்தி பாய்மரம் ஆகிவிடும், கருப்புத் துணி பட்டம் ஆகிவிடும்.

அந்த விடிகாலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமைப் போட்டு, சாய்ப்பைப் பயன்படுத்தாமல் எஃப் 32இல் எடுத்தால் ஒரு நொடி எக்ஸ்போஷர் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் உப்பு வாருகிறவர் புகையாகிவிடுவார். அதே வெளிச்சத்தில் 8×10 வைத்து எஃப் 64இல் எடுத்தால் நாலு நொடி. புகைகூட மிஞ்சாது. "ஆள் நடமாட்டம் இல்லாத அமைதியான உப்பளம்" என்று அழகான ஒரு படம் கிடைக்கும். அந்த நேரத்தில் அங்கே ஐம்பது பேர் வேலை செய்துகொண்டிருந்திருப்பார்கள்!

இப்போது லென்ஸை 5.7 டிகிரி சாயுங்கள். தரை முழுக்க ஃபோகஸில் வந்துவிட்டதால் எஃப் 16 போதும். ஃபிலிமை ஐ.எஸ்.ஓ. 400க்கு மாற்றுங்கள். துவாரத்தில் நாலு மடங்கு, ஃபிலிமில் நாலு மடங்கு, ஆக 16 மடங்கு லாபம். ஒரு நொடி 1/15 நொடி ஆகிவிட்டது. வேகமாக அசையும் கை கொஞ்சம் கலங்கும். ஆனால் குனிந்து நிமிர்கிற இடைவெளியில் ஷட்டரைத் தட்டினால் ஆள் ஆளாகவே விழுவார். சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபோகஸ் தளம் தரையோடு படுத்துக்கிடப்பதால், பக்கத்தில் உயரமாக நிற்கிற பொருளின் தலைப்பக்கம் கலங்கும். தூரத்துப் பனைமரத்துக்கு ஆபத்தில்லை. தெளிவு இருக்கும் பகுதி கேமராவை விட்டுத் தள்ளிப்போகப் போக ஆப்பு மாதிரி விரிந்துகொண்டே போகும். இரண்டு மூன்று மீட்டரில் நிற்கும் மனிதரின் முகம்தான் மாட்டிக்கொள்ளும். எனவே ஆட்கள் பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். பக்கத்தில் வேண்டுமென்றால் அது வேறு படம். சாய்ப்பை எடுத்துவிட்டு அவர் முகத்துக்கு ஃபோகஸ் செய்யுங்கள்.

பெரிய ஃபிலிமுக்கு ஆதரவாக இன்னொரு காரணமும் இருக்கிறது. உப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். லைட் மீட்டர் அதையும் சாம்பல் நிறம் என்றே நினைத்துக் கணக்குச் சொல்லும். அதை அப்படியே நம்பினால் உப்பு அழுக்குச் சாம்பலாகவும் மனிதர்கள் கருப்பு நிழலாகவும் விழுவார்கள். வெயிலில் கருத்த முகம், அதுவும் தலையில் முண்டாசு நிழல். அந்த முகத்தில் கண் தெரிய வேண்டும் என்றால் முகத்துக்குத்தான் எக்ஸ்போஷர் கொடுக்க வேண்டும். அப்போது உப்பு வெளுத்து எரிந்துவிடுமே? அதற்குத்தான் டெவலப் செய்யும் நேரத்தைக் குறைப்பது. 1940ஐ ஒட்டி ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஜோன் சிஸ்டத்தின் சாரமே இதுதான். நிழலுக்கு எக்ஸ்போஷர், வெளிச்சத்துக்கு டெவலப்மென்ட். 36 படம் ஒரே சுருளில் இருந்தால் இதை ஒவ்வொரு படத்துக்கும் தனியாகச் செய்ய முடியாது. ஷீட் ஃபிலிமில் முடியும். இந்தப் படத்துக்கு ஏழு நிமிஷம், அந்தப் படத்துக்கு ஒன்பது நிமிஷம் என்று தனித்தனியாகக் கழுவலாம்.

"டிஜிட்டலில் இதெல்லாம் ஒரு நொடி வேலை" என்று ரூம்மேட் சொல்கிறான். நியாயமான கேள்வி. திரையில் பார்க்கிற படத்துக்கு மொபைலே போதும், மறுக்கவில்லை. ஆனால் அவன் சொல்லும் ஃபோகஸ் ஸ்டாக்கிங், எச்.டி.ஆர். எல்லாம் பல படங்களை ஒட்டிச் செய்வது. இரண்டு படங்களுக்கு நடுவில் உப்பு வாருகிறவர் நகர்ந்துவிடுவார். அங்கேயும் முதலில் காணாமல் போகிறவர் அவர்தான். ஒரே படத்தில் சாய்ப்பு வேண்டுமென்றால் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் வாங்கலாம். அது நிஜமாகவே நல்ல வழிதான், ஆனால் புதுசு விலை லட்சத்தைத் தாண்டும். காசு இருக்கிறவர் அதை வாங்கட்டும், சண்டையில்லை.

எந்த 4×5 என்ற கேள்விக்கு வருவோம். மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, லின்ஹாஃப், டோயோ மாதிரி உலோகக் கேமராக்கள். உறுதியானவை, காற்றுக்கு அசையாதவை. கனம் அதிகம். இரண்டாவது, மரமும் கார்பன் ஃபைபருமாகச் செய்த புதுக் கேமராக்கள். சீனாவின் சாமோனி இதில் பேர் பெற்றது. மூன்றாவது, 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி இங்கிலாந்தின் பிரைட்டனில் தொடங்கிய இன்ட்ரெபிட். பிளைவுட் கேமரா, ஒன்றேகால் கிலோ போல இருக்கும். விலையும் குறைவு. ஆனால் லேசான கேமரா காற்றில் ஆடும். டிரைபாட் நடுவில் தண்ணீர் பாட்டில் பையைத் தொங்கவிட்டுச் சமாளிக்க வேண்டும். மாணவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வகை, இல்லையென்றால் செகண்ட் ஹேண்டில் முதல் வகை.

நம்ம பக்கத்துக் கேமரா ஒன்றும் உண்டு. கேரளாவில் ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940களில் தொடங்கிய வாகீஸ்வரி கேமரா ஒர்க்ஸ். அவர் குடும்பம் இசைக்கருவிகளைப் பழுது பார்த்து வந்தது. ஆர்மோனியத் துருத்தி செய்த கை கேமராத் துருத்தி செய்ய ஆரம்பித்தது. தேக்கு மரமும் பித்தளையுமாக அந்தக் கேமராக்கள் எத்தனையோ ஸ்டுடியோக்களில் நின்றன. இன்றும் பழைய சாமான் கடைகளில் கண்ணில் படும். பார்த்தால் ஆசை வரும். எனக்கும் வந்தது! ஆனால் அவை பெரும்பாலும் பழைய பிளேட் அளவுகளுக்குச் செய்யப்பட்டவை. அந்த அளவு ஃபிலிமை இல்ஃபோர்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டர் பிடித்துத்தான் வெட்டித் தருகிறது. வரவேற்பறையில் வைக்க வாங்கலாம், உப்பளத்துக்கு வேண்டாம். கேமரா எதுவாகவும் இருக்கட்டும், இன்றைக்குக் கிடைக்கிற 4×5 ஹோல்டர் அதில் பொருந்த வேண்டும்.

செலவைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அது நலிந்து மூடப்பட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கு நமக்குக் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டு ஃபிலிம். இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் 4×5 பெட்டியில் 25 ஷீட். ஒரு ஷீட்டுக்கு ஒரு பிரியாணி விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைக்கு நாலு ஷீட் என்று கட்டுப்பாடு வைத்தால் ஒரு பெட்டி ஆறு காலைக்கு வரும். வீட்டிலேயே கழுவலாம். ஆனால் நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் 30 டிகிரியைத் தொடும். மருந்துக் கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு. ஐஸ் வைத்துக் குளிர்விக்காமல் கையை வைக்காதீர்கள்.

உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பித்தளை பச்சை பூக்கும், இரும்புத் திருகு துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், கேமராவை ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். லென்ஸை அங்கே கழற்றி மாற்றாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே லென்ஸ் போதும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம், இது கட்டாயம். டிரைபாடைப் பாத்திக்குள் ஊன்றாதீர்கள். பாத்தியின் தரை சும்மா கிடந்த மண் இல்லை. சீசனுக்கு முன்னால் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை. அதில் கூர்முனையைக் குத்தினால் ஒருவருடைய பல நாள் உழைப்பில் ஓட்டை போடுகிறோம். வரப்பில் நில்லுங்கள், அதுவும் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

கேட்காமல் நின்றால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். சீனியர் ஒருவரின் 4×5ஐ இரவல் வாங்கிக்கொண்டு அங்கே போயிருந்தபோது, உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு நேராக வந்தார். "இன்னா தம்பி, சர்வே எடுக்க வந்துருக்கியா?" மூன்று கால், மேலே ஒரு பெட்டி. அவர் கண்ணுக்கு அது நிலம் அளக்கிற கருவி. "இல்லீங்கய்யா, போட்டோ பெட்டி. நீங்களே பாருங்க" என்று துணிக்குள் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, எங்க ஆளுங்க எல்லாம் தலைகீழா நிக்கிறாங்களே!" அப்புறம் இரண்டு அக்காக்களும் வந்து பார்த்தார்கள். எந்த இடத்தில் நின்றால் வரப்புகள் வரிசையாகத் தெரியும் என்று அவர்களே காட்டினார்கள்.

அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஈ.சி.ஆர். பக்கத்தில் ரோடு அகலமாகிறது, இடம் விலை ஏறுகிறது. ஐப்பசி பிறந்தால் மழை, வேலை கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது இந்த உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கையில் கருவியோடு வருகிறவர்களை அவர்கள் சந்தேகமாகப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

இது புதுசும் இல்லை. 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று பெரிய காகித நெகட்டிவ்களோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர். அசாத்திய உழைப்பு. அவர் நெகட்டிவில் வானத்து மேகம் பதியாது, அதனால் கையாலேயே மேகம் வரைந்து சேர்த்தார். ஆனால் அவர் எடுத்த எத்தனையோ கோயில் படங்களில் ஆட்களே இல்லை. 1863இல் சாமுவேல் பர்ன் இமயமலைக்குக் கிளம்பியபோது அவருடைய கண்ணாடி பிளேட்டுகளையும் கூடாரத்தையும் சுமந்து போனவர்கள் சுமார் 30 பேர். பனிமலைகள் பர்ன் பெயரில் இருக்கின்றன. சுமந்தவர்கள் பெயர்களைத் தேடினாலும் கிடைக்காது. அவர்கள் காலத்தில் ஃபிலிமின் வேகம் அப்படி, நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் திறந்து வைத்தாக வேண்டும், அசைகிறவர் பதிய மாட்டார் என்று சமாதானம் சொல்லலாம். நமக்கு அந்தச் சமாதானம் கிடையாது. நம்மிடம் ஐ.எஸ்.ஓ. 400 இருக்கிறது, சாய்ப்பும் இருக்கிறது.

மலையையும் காட்டையும் எடுக்கிறவர் ஆள் வராத நேரத்துக்குக் காத்திருக்கட்டும். உப்பளம் காடு இல்லை. அதில் இருக்கிற ஒவ்வொரு நேர்கோடும் ஒருவர் மண்வெட்டியால் போட்டது. அந்த வெள்ளைக் குவியல் தானாக முளைத்ததும் இல்லை. அதை ஆளில்லாமல் எடுத்துச் சுவரில் மாட்டினால் படம் அழகாக இருக்கலாம், ஆனால் அது மரக்காணம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். 4×5, 150 மி.மீ., 400 ஃபிலிம், ஆறு டிகிரி. மிச்சக் காசுக்கு ஒரு நல்ல கனமான டிரைபாட் வாங்குங்கள். அதிலும் மிச்சம் இருந்தால் எடுத்த படத்தில் ஒரு பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பி.கு: தை பிறந்து பாத்தி வேலை ஆரம்பித்ததும் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். யாராவது வருகிறீர்களா? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க முடிகிறவர்கள் மட்டும் :-)